பின்செல்லும் அம்பு

மாலை நான்கு மணி பத்து நிமிடம். ஐந்துக்கு இணைய உலாவிச் செயலி வெளியாக வேண்டும். பின்செல்லும் அம்புக்குறி மட்டும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"இன்னைக்கும் அது சொதப்பினா, நாளைலேருந்து நீங்க வர வேண்டாம்," என்றார் மேலாளர்.

வடிவமைப்பாளனுக்குச் சோதித்துச் சொல்ல மனைவியை விட்டால் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டுக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போனவள். அவள் கைபேசியில் கேட்காமலே செயலியை ஏற்றியிருந்தான். சண்டைக்கு அதுவும் ஒரு காரணம்.

அவளே அழைத்தாள்.

"ஒரு படிவத்துல மாட்டிக்கிட்டேன். அம்பை அழுத்தினா அதே பக்கமே திரும்பத் திரும்ப வருது."

"எந்தப் பதிப்பு?"

"என்ன படிவம்னு கேக்க மாட்டீங்களா?"

"அதை விடு. பதிப்பு?"

"ஏழு."

எட்டை அனுப்பினான்.

"இப்ப 'நிச்சயமா போகணுமா?'ன்னு கேக்குது. ஆமான்னா மறுபடியும் கேக்குது. உங்கம்மா மாதிரி."

அந்தக் கேள்வியை நீக்கினான். மேலாளர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எழுதினது அழிஞ்சா ஜனங்க நம்மைத்தான் திட்டுவாங்க. படிவத்துல இருந்தா அம்பு அசையவே கூடாது."

அம்பைப் பூட்டினான். மணி நான்கு ஐம்பது. ஒன்பதாம் பதிப்பு போயிற்று.

"அம்பு செத்துப் போச்சு. மூடவும் முடியல," என்றாள்.

"எழுதினது அழியலையே?"

"அழியணும்னுதானே நான்..."

"அருமை! வேற எது வேலை செய்யுது?"

"கீழ பச்சையா 'அனுப்பு'ன்னு ஒண்ணு."

"அதை அழுத்து. வெளியே வந்துடலாம்."

"அழுத்தினா போயிடுமே."

"போகட்டும். போனா நல்லதுதான்."

"போனா நல்லதா?"

"எனக்கு நேரமில்லம்மா. அழுத்து."

இணைப்பு அறுந்தது. அவன் திரையில் அவள் கைபேசியிலிருந்து குறிப்பு வந்தது: படிவம் சென்றது, ஒரு எழுத்தும் அழியவில்லை. மேலாளர் முதல் முறையாகக் கை குலுக்கினார். ஐந்து மணிக்கு ஒன்பதாம் பதிப்பு ஊருக்கெல்லாம் போனது.

ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்கு மைத்துனன் அழைத்தான்.

"மாப்ள! எல்லாம் சரியா வந்துச்சு. உங்கக்காகிட்ட சொல்லு," என்றான் வடிவமைப்பாளன்.

"அக்கா அழுதுக்கிட்டிருக்கா மாமா. அது விவாகரத்து மனு. மத்தியானமே கோபம் ஆறி, வேண்டாம்னு வெளியே வரத்தான் அம்பை அழுத்திக்கிட்டே இருந்தா. இப்ப கேக்கச் சொல்றா: இதுலேருந்து பின்னால வர எதை அழுத்தணும்?"