பனி பெய்யும் வீட்டுக்கு ஒரு சோபா

இந்தக் கிறிஸ்துமஸுக்குள் என் சோபாவைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவு கட்டினேன்.

ஒற்றை ஆள் சோபா. ஒரு காலத்தில் பச்சை நிறம். 2009-ல் ஆக்லாந்தின் நியூ லின் பகுதியில் யாரோ ரோட்டோரம் போட்டிருந்ததை, கவுன்சிலின் குப்பை லாரி அள்ளுவதற்குள் நான் அள்ளிக்கொண்டு வந்தேன். அதில் சாய்ந்தால் இரண்டே நிமிஷத்தில் மேகத்தில் மிதப்பேன். என் மனைவி பூங்கோதைக்கு அது கண்ணில் விழுந்த தூசி.

"என்னங்க, கவுன்சில் லாரி வரப்போகுது. அது எங்கிருந்து வந்துச்சோ அங்கேயே போகட்டும்."

"பழசுக்கு ஒரு மரியாதை இருக்கு, பூங்கோதை."

"அதான் உங்களை வெச்சிருக்கேனே. வீட்டுக்கு ஒண்ணு போதும்."

நேராக மோதினால் தோற்பேன். பன்னிரண்டு வருஷ அனுபவம். அதனால் ஒரு திட்டம் போட்டேன்.

பூங்கோதைக்கு உயிரான பழைய கிறிஸ்துமஸ் படம் ஒன்று உண்டு. கறுப்பு வெள்ளை. டிசம்பரானால் டிவியில் போடுவார்கள். ஆக்லாந்துக்கு வந்த முதல் வருஷம், யாரையும் தெரியாத ஊரில், தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்து அழுதிருக்கிறாள். அந்தப் படத்தை எடுத்த வீடு இதே ஊரில், மாஸ்ஸி என்ற பகுதியில் இருக்கிறது. இப்போது அது மியூசியம். படத்தில் வரும் அப்பா உட்காருவது ஒரு கிழிந்த சோபாவில். அதை அங்கே சாமி மாதிரி வைத்திருப்பார்கள். பார்த்தால் இவள் மனசு இளகாதா?

சனிக்கிழமை கூட்டிப் போனேன். இங்கே டிசம்பர்தான் கோடை; வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே கனத்த திரைகள், அரையிருட்டு, எங்கேயோ மெதுவாக ஒரு வயலின். கூரையிலிருந்து சோப்பு நுரைப் பனி பூப்பூவாக இறங்கியது. பூங்கோதை கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு பூ விழுந்து கரைந்தது. படியேறினாள், இறங்கினாள், பிறந்த வீட்டுக்கு வந்தவள் மாதிரி ஒவ்வொரு கதவையும் தொட்டுக்கொண்டே போனாள். தலைமுடியெல்லாம் வெள்ளை. கல்யாணத்தன்றுகூட இவளை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அரை மணி நேரமா, அரை நாளா, தெரியாது. வந்த காரியமே மறந்துவிட்டது.

ஹாலுக்கு வந்ததும்தான் விழித்தேன். கணப்பருகே சோபா இல்லை. அந்த இடத்தில் வெறும் போட்டோ.

"அசல் சோபா எப்போதோ தொலைந்துவிட்டது," என்றார் மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் மார்கரெட் அம்மையார். "அதே மாதிரி ஒன்று இங்கே வராதா என்று ஏங்குகிறோம்."

விடுவேனா? போனில் என் சோபாவின் படத்தைக் காட்டினேன். அதே கை, அதே கால், கிழிசல்கூட அதே இடத்தில்!

"பாத்தியா பூங்கோதை! மியூசியத்துலயே இல்லாதது நம்ம ஹால்ல இருக்கு!"

"ஆமாங்க," என்றாள், கண்ணை மூடிக்கொண்டு.

"எவ்வளவு அழகு!" என்றார் அம்மையார்.

நம் வீட்டுப் பொருளை ஒருவர் புகழ்ந்தால் நாம் என்ன சொல்வோம்? உங்களுடையது என்றே நினைத்துக்கொள்ளுங்கள் என்போம். அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டேன்.

அம்மையார் என்னைக் கட்டிப்பிடித்து அழுதே விட்டார்.

திரும்பும் வழியெல்லாம் போஹுடுகாவா மரங்கள் சிவப்பாகப் பூத்திருந்தன. பூங்கோதை முடியில் இன்னும் கொஞ்சம் பனி.

"நான் ஒரு பேச்சுக்குத்தானே சொன்னேன்!"

"அது அவங்களுக்குத் தெரியுமா? பாவம், எப்படி அழுதாங்க. இப்ப போன் பண்ணி இல்லைன்னு சொல்லுவீங்களா?"

"நீ சொல்லேன்."

"சோபா உங்களுது. நான் யாருங்க சொல்றதுக்கு?"

இத்தனை வருஷத்தில் என் பொருள் ஒன்றை அவள் என்னுடையது என்று ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை கிளென்ஃபீல்டில் எங்கள் வாசலுக்கு வேன் வந்தது. என் மேகம் அதில் ஏறியது. வேனில் கூடவே வந்திருந்த அம்மையார் நன்கொடைப் படிவத்தை நீட்டினார்.

"உங்கள் மனைவி எல்லாவற்றையும் முன்பே நிரப்பிவிட்டார். சொந்தக்காரர் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் காத்திருந்தோம்."

பூங்கோதையின் கையெழுத்துக்குக் கீழே தேதி இருந்தது: நவம்பர் இருபது.

அவளை அந்த மியூசியத்துக்குக் கூட்டிப் போகும் யோசனை எனக்கு உதித்தது டிசம்பர் பத்தாம் தேதி.