ஒன்றாம் எண்ணும் முதலாளியின் பல்லும்

பாசத்துக்குரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் அத்தானும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டாலும் இதைப் படித்து முடிப்பதற்குள் ஆகிவிடுவீர்கள். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் தொலைபேசியில் நீ நடுவில் பேசுவாய்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடந்த எல்லாவற்றையும் நான் அன்றைக்கே சொன்னேன். உன் மகள் மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டு, இணையதளம் எழுதுகிறவர்களுக்குத் திருடன் நுழையாதபடி எழுதக் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று கிளம்பிய அன்று, நீ தலையில் கைவைத்து உட்கார்ந்தாய், அத்தான் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டார், நான் ஒருவன்தான் "இவள் பெரிய ஆளாக வருவாள், அதற்கு நான் காரணமாக இருப்பேன்" என்றேன். அப்படி நான் சொல்லவே இல்லை என்பாய். மனதுக்குள் சொன்னேன். நீயோ கெடு வைத்தாய்: முதல் வகுப்பு நடக்கும் கம்பெனி அவளை ஓராண்டுக்கு வைத்துக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து, அத்தானின் அண்ணன் பார்த்து வைத்திருக்கும் வங்கி வேலையில் சேர வேண்டும். அந்தப் பெண்ணும் சரி என்று தலையாட்டிவிட்டாள். அவளைக் கரைசேர்த்தது யார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வகுப்புக்கு முந்தின நாள் என் மெத்தைக் கடைக்கே வந்து, "மாமா, எனக்கு உங்களை மாதிரி ஒரு ஆள் வேணும்" என்றாள். கம்ப்யூட்டர் உலகம் கடைசியில் என்னைத் தேடி வந்துவிட்டது என்று நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டேன். போன பிறகுதான் தெரிந்தது, இவர்கள் எழுதிய தளத்தை ஒன்றும் தெரியாத ஒருவர் தட்டிப் பார்க்க வேண்டுமாம். "நீங்க எதையும் யோசிக்காதீங்க மாமா, எப்பவும் போல இருங்க" என்றாள். ஒன்றும் தெரியாதவன் போல நடிப்பது எவ்வளவு கடினம் என்று உனக்குத் தெரியாது அக்கா. ஆனால் மிக இயல்பாகச் செய்தேன் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

அறையைச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ இருநூறு பேர், நீ வழக்கம்போலக் குறைத்துப் படித்துக்கொள். ஏசிக் குளிரில் ஆளுக்கொரு மடிக்கணினியை விரித்து அதன் சூட்டில் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். சுவரில் "பாதுகாப்பே எங்கள் மூச்சு" என்று கண்ணாடிச் சட்டம் போட்ட வாசகம், அதே கண்ணாடியின் மூலையில் மஞ்சள் சீட்டில் சர்வரின் பாஸ்வேர்டு. கேட்டால், மறந்துபோகாமல் இருக்கவாம். உன் மகள் பலகையில் "வெளியிலிருந்து வரும் எதையும் நம்பாதே" என்று எழுதினாள். குழுவின் தலைவன் ஒருவன், எல்லோரும் தாடி என்று கூப்பிடுகிறார்கள், நாற்காலியைப் பின்னால் சாய்த்தான். (அப்படிச் சாய்கிறவன் மெத்தை வாங்க மாட்டான், சும்மா படுத்துப் பார்த்துவிட்டுப் போவான்.)

"மேடம், நீங்க ரொம்பச் சந்தேகப்படுறீங்க. எங்க யூசர்ஸ் எல்லாம் நல்லவங்க."

"அப்போ எதுக்கு வீட்டைப் பூட்டிட்டு வந்தீங்க?"

"பூட்டல மேடம். அம்மா இருக்காங்க."

அறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், பிறகு உன் மகளின் முகத்தைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டேன். அவள் விடவில்லை. தளத்தில் யார் என்ன தட்டினாலும் அதை அப்படியே உள்ளே வாங்கக் கூடாது, பெயர் கேட்ட கட்டத்தில் ஒருவன் கட்டளையை எழுதி அனுப்பலாம், அதனால் உள்ளே இருக்கிற கணினி அதைப் பெயராக மட்டுமே நடத்த வேண்டும், என்றெல்லாம் நிதானமாகச் சொன்னாள். எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள். அவர்களுக்குத்தான் புரியவில்லை, ஏனென்றால் அவர்கள் கேட்கவில்லை. தளம் பத்திரமா என்று கேட்டால் முகப்பில் இருந்த பூட்டுப் படத்தைக் காட்டினார்கள். அந்தப் படத்தை அவர்களே வரைந்து, போன மாதம்தான் பெரிதாக்கினார்களாம். நடுவில் ஒரு தேர்வு வைத்தாள். எல்லோரும் ஒரே மதிப்பெண், ஒரே கேள்விக்கு ஒரே தப்பான பதில். ஒருவர் பக்கத்து நண்பரின் பெயரையும் சேர்த்தே நகலெடுத்திருந்தார். இது என்ன என்று கேட்டதற்குத் தாடி, "டீம் ஒர்க் மேடம்" என்றான்.

கடைசி நாள் முதலாளி வந்தார். நல்ல உயரம், நல்ல சிரிப்பு, ஆனால் சிரிப்பை அளந்துதான் விடுவார். அவருடைய பெருமை ஒரு பல் மருத்துவமனைக்கு அவர்கள் செய்து கொடுத்த முன்பதிவுத் தளம். ஊரில் பாதி வாய் அதில் இருக்கிறது, முதலில் பதிந்த வாய் அவருடையதாம். "எங்க பசங்க ரத்தத்துலயே பாதுகாப்பு ஊறியிருக்கும்மா. நம்ம தளத்துல ஒரே ஒரு ஓட்டையைக் காட்டுங்க, ஒரு வருஷம் உங்களுக்கு எழுதிக் கொடுத்துடுறேன். இல்லன்னா இதோட கைகுலுக்கிப் பிரிஞ்சிடலாம்" என்றார். உன் மகள், "ஓடிக்கிட்டிருக்கிற தளத்துல வேணாம் சார், ஒரு நகல் எடுத்துக் கொடுங்க" என்றாள். "அதெல்லாம் எதுக்கு, தாராளமா இதுலயே பாருங்க" என்று அவர் கையை வீசினார். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் எனக்கு நீயும் உன் வங்கியும் கண்முன் வந்து நின்றீர்கள்.

எனக்குக் கொடுத்திருந்த கணினிதான் சுவரில் பெரிதாகத் தெரிந்துகொண்டிருந்தது. எனக்கும் கடைவாயில் ஒரு பல் ஆடிக்கொண்டிருப்பதால் முறைப்படி பதிவு செய்தேன். பெயர்க் கட்டத்தில் என் பெயர், பட்டப்பெயர், கடைப்பெயர், கடையில் இப்போது நடக்கும் தள்ளுபடி எல்லாம் எழுதினேன், வாங்கிக்கொண்டது. பிறகு என் பக்கம் திறந்தது. மேலே முகவரிக் கோட்டின் கடைசியில் ஒரு நீளமான எண். அது என் வரிசை எண்ணாம். அக்கா, நான் யாருக்காவது பின்னால் நின்று நீ பார்த்திருக்கிறாயா? கல்யாணப் பந்தியிலிருந்து ரேஷன் கடை வரைக்கும் என் இடம் எது என்று உனக்குத் தெரியும். அந்த எண்ணை அழித்துவிட்டு ஒன்று என்று போட்டு, பொத்தானை அழுத்தினேன்.

சுவரில் முதலாளி வந்தார். பெயர், பிறந்த தேதி, படம். கீழே மருத்துவர் எழுதிய குறிப்பு: மேல் வரிசை முழுவதும் கட்டுப்பல். ஊசியைக் கண்டால் அழுவார். மனைவி வந்து கையைப் பிடித்துக்கொண்டால் சரியாகிவிடுவார். அதற்குப் பக்கத்தில் மனைவியின் பெயரும் தொலைபேசி எண்ணும்.

தாடிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"சார், அது சும்மா டெஸ்ட் டேட்டா."

"டெஸ்ட் டேட்டாவுக்கு என் பொண்டாட்டி பேரு எப்படிடா தெரியும்?"

உன் மகள் பலகைக்குப் போனாள். குரலை உயர்த்தவில்லை. "உள்ள வந்தவர் லாகின் பண்ணியிருக்காரான்னு பார்த்திருக்கீங்க. அவர் கேட்கிற பக்கம் அவரோடதுதானான்னு பார்க்கல. ஒவ்வொரு தடவை பக்கம் திறக்கும்போதும் சர்வர் அதைக் கேட்கணும்."

"நம்பரை யாரு மேடம் மாத்தப் போறாங்க?" என்றான் தாடி.

"எங்க மாமா மாத்துவார்."

என்னைப் பற்றி இதைவிட நல்ல வாக்கியத்தை யாரும் சொன்னதில்லை. தாடி நம்பாமல் என் கணினியை இழுத்து இரண்டு என்று தட்டினான். யாரோ ஒரு பெண்மணியின் பெயர் சுவரில் வரத் தொடங்கியது, நானும் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தேன், அதற்குள் உன் மகள் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். "அது வேற யாரோட வாயோ. நமக்கு எதுக்கு?" என்றாள். கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

பிறகு நடந்ததை நீ கண்ணால் பார்த்திருக்க வேண்டும். முதலாளி எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அந்த இருநூறு பேரும் எழுந்து கைதட்டினார்கள். தாடி உன் மகளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, "எங்களுக்கு முதல்லேர்ந்து சொல்லிக் கொடுங்க மேடம்" என்றான். முதலாளி அங்கேயே ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஆகவே அத்தானின் அண்ணனிடம் மரியாதையாகச் சொல்லிவிடு, வங்கி வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளட்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். செய்தித்தாளை அவர் கீழே வைக்கும்போது சொன்னால் போதும். உன் முழங்கால் வலிக்கு நம் கடையில் கெட்டியான மெத்தை ஒன்று வந்திருக்கிறது, எடுத்து வைத்திருக்கிறேன். எல்லோரும் பல்லும் சொல்லுமாக நூறாண்டு இருங்கள்.

இப்படிக்கு,
உன் ஒரே தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் ஒன்று. கையெழுத்து ஆகவில்லை அக்கா. அது நானாகச் சேர்த்தது. மற்றதெல்லாம், அந்த ஒன்றாம் எண் உட்பட, ஏறக்குறைய நிஜம். எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. முதலாளி பேனாவை எடுத்து நீட்டியது வரைக்கும் உண்மை. "முதல்ல இந்தத் தளத்தை மூடுங்க சார், மருத்துவமனைக்குச் சொல்லுங்க, சரி பண்ணிட்டுத் திறங்க, அப்புறம் கையெழுத்து" என்றாள் உன் மகள். "யாருக்கும் தெரியாதும்மா, மெதுவா சரி பண்ணிக்கலாம், நீங்க இதுல கையெழுத்துப் போடுங்க" என்றார் அவர். நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன், மெதுவாக அல்ல. அவள் பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். உன் கெடுப்படி அவள் தோற்றுவிட்டாள். நாளைக்கோ மறுநாளோ உன்னைக் கூப்பிட்டு, "கிடைக்கலம்மா, வர்றேன்" என்று மட்டும் சொல்வாள். வேறு ஒன்றும் சொல்ல மாட்டாள். நீயும் உடனே சரி வா என்று சொல்லிவிடாதே. பேனாவை ஏன் மூடினாய் என்று ஒரு வார்த்தை கேள்.