கனத்த குண்டும் கசகசாக் கோலாச்சேயும்

இந்த வருஷம் பெண்டாட்டியைத் தோற்கடித்தே தீருவது என்று முடிவு செய்தேன். வாக்குவாதத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் ஓரளவு புத்தி இருக்கிறது. துப்பாக்கி சுடுவதில்.

எங்கள் மாவட்டச் சங்கம் கோடையில் கார்பைன் போட்டி நடத்தும். பார்க்க நீளத் துப்பாக்கி, உள்ளே போடுவது கைத்துப்பாக்கித் தோட்டா. ஓட வேண்டும், சுட வேண்டும், கடிகாரமும் கூடவே ஓடும். போன வருஷம் முதலில் வந்தது என் மனைவி ட்வைலா. அவளுக்கு அடுத்து நான். அன்றைக்கே கூட்டுறவுக் கடைக் காப்பி மேஜையில் என் பெயர் செத்துப்போயிற்று. ஹார்லன் வோண்ட்ரா என்று தாத்தா பெயரைச் சேர்த்து வைத்தார்கள் எனக்கு. இப்போது வெறும் 'ட்வைலா வீட்டுக்காரர்'. காப்பி ஊற்றுகிற பெண்கூட, "ட்வைலா வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வேணுமா?" என்று கேட்கிறாள். அந்தப் பெயரை மீட்கத்தான் இத்தனை பாடும்.

குளிர்காலம் பூராவும் நிலவறையில் கிடந்தேன். எங்கள் இருவர் தோட்டாவையும் நான்தான் வீட்டிலேயே அடைப்பது. எந்த எடைக் குண்டு நல்லது என்பதுதான் கேள்வி. குண்டின் எடையை இங்கே கிரெய்ன் என்று சொல்வார்கள். ஒரு தானிய மணியின் கனம் என்று அர்த்தம். ட்வைலாவோ ஊர்த் தானியக் கிடங்கில் எடைமேடை பார்க்கிறவள். நெப்ராஸ்காச் சோளம் முழுக்க அவள் கண் முன்னால்தான் லாரியில் ஏறி இறங்குகிறது. அவள் டன் கணக்கில் நிறுக்கிறாள். நான் மணிக்கணக்கில் நிறுத்தேன். இரண்டு அர்த்தத்திலும்தான்.

பக்கத்து வீட்டு எம்மெட்டிடம் வேலி ஓரமாக யோசனை கேட்டேன். போட்டியில் தோட்டாவைச் சோதிக்கிற வேகமானி அவன் பொறுப்பு.

"எம்மெட், ஒல்லிக் குண்டு தேவலையா, கனத்த குண்டு தேவலையா?"

"ஒல்லியா இருந்தா அது எப்படிய்யா குண்டு?"

"விளையாடாதே. கனமா இருந்தா உதைக்காது, மெதுவாத் தள்ளும். லேசா இருந்தா வேகம் ஜாஸ்தி, ஆனா வெடுக் வெடுக்குனு இழுக்குது."

"மெதுவாப் பேசு. உன் வீட்டம்மாவைப் பத்திச் சொல்றேன்னு யாராவது நினைச்சுக்கப் போறாங்க."

"அவளைப் பத்திப் பேசற தைரியம் இருந்தா உங்கிட்ட ஏன் கேக்கறேன்?"

"எதையாவது போட்டுச் சுடு. எடையை வேகத்தால பெருக்கினா விதி சொல்ற அளவு வரணும், அவ்வளவுதான். வரலேன்னா தாராளமா சுடலாம், மதிப்பெண் மட்டும் கிடையாது. விருந்துக்கு வந்து கை கழுவிட்டுப் போற மாதிரி."

கை கழுவிட்டுப் போற மாதிரி. அந்த இடத்தில்தான் என் மூளைக்குள் சனியன் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

எனக்கு நூற்று நாற்பத்தேழு கிரெய்ன் குண்டு. கனமானது, கொஞ்சம் வெடிமருந்து போதும், வெண்ணெய் மாதிரி சுடும். ட்வைலாவுக்கு நூற்று இருபத்து நாலு. அதற்கு மருந்து கூடுதலாகப் போட வேண்டும். நான் போடவில்லை. என் கனத்த குண்டுக்கு வைத்த அதே அளவை அவள் குண்டுக்கும் வைத்து அடைத்துவிட்டேன். ஆபத்து ஒன்றுமில்லை. வெடிக்கும், பறக்கும், இரும்புத் தகட்டில் டங்கென்று படும். லேசான குண்டு கொஞ்சம் வேகமாகவும் போகும். ஆனால் குறைந்த எடையை ஈடுகட்டுகிற வேகம் வராது. எம்மெட்டின் வேகமானி கையை விரிக்கும். அத்தோடு அவள் கதை முடிந்தது.

மருந்து கூடினாலும் குறைந்தாலும் விஷம் என்று சொல்வது இதைத்தானோ என்னவோ.

இரண்டு பெட்டி. ஒரு மூடியில் 'ஹார்லன்' என்று எழுதினேன். இன்னொன்றில் 'ட்வைலா'. குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்குமா? அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி இதயமும் வரைந்தேன்.

போட்டி நாள் காலையில் கண் விழித்தால் வீடு முழுக்க வெண்ணெய் வாசனை. ட்வைலா கோலாச்சே சுட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் குழி வைத்து, கசகசாவை இனிப்பாக அரைத்து நிரப்பி, மெத்தென்று சுடுகிற பன். எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் அது.

"யாரு செத்தா?" என்றேன்.

"யாரும் சாகல. உனக்காகத்தான். உக்காரு."

"எனக்கா? எதுக்கு?"

"ஏன், புருஷனுக்குச் சுட்டுப் போடக் காரணம் வேணுமா? குளிர்ல உக்காந்து எனக்கும் சேத்துத் தோட்டா அடைச்சியே. எந்தப் புருஷன் செய்வான்? நேத்துக்கூடக் கிடங்குல சொன்னேன், என் வீட்டுக்காரர் கையால அடைச்சதுன்னா நான் கண்ணை மூடிக்கிட்டுச் சுடுவேன்னு."

வாயில் இருந்த கோலாச்சே கல்லாகிவிட்டது.

"என்ன, நல்லா இல்லையா?"

"இருக்கு இருக்கு. சூடு."

"சூடா? ஆறி அரை மணி ஆச்சே."

"எனக்குச் சுடுது."

சத்தியமாகச் சுட்டது. வெட்கத்தில் காது வரைக்கும் சுட்டது. சீ, நீயும் ஒரு மனுஷனா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அவள் இன்னொன்றைத் தட்டில் வைத்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயில் அதையும் போட்டுக்கொண்டேன். இப்படியே ஐந்து சாப்பிட்டேன். மனசாட்சிக்கும் வயிற்றுக்கும் என் உடம்பில் என்றைக்குமே பேச்சுவார்த்தை கிடையாது.

மைதானத்தில் அவள் பெயர் கொடுக்கப் போனாள். நான் வண்டியின் பின்பக்கம் குனிந்து, கொலைகாரன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்து, பெட்டிகளின் மூடியை மாற்றினேன். என் நல்ல தோட்டா இதயத்தோடு அவள் பைக்குள் போயிற்று. நோஞ்சான் தோட்டா என் பைக்குள் வந்தது. வேறு தோட்டா நான் கொண்டுவரவில்லை. பரவாயில்லை, பெயர் போனால் போகட்டும். கண் கலங்கிவிட்டது எனக்கு, என் பெருந்தன்மையை நினைத்து.

கணவன் மனைவியை ஒரே குழுவில் போட வேண்டாம் என்று நாங்களே முன்பே எழுதிக் கொடுத்திருந்தோம். அதனால் அவள் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். என் குழு வேகமானிக்கு வந்தபோது எம்மெட் உற்சாகமாக இருந்தான். என் தோட்டா ஒன்றைப் பிரித்துக் குண்டைத் தராசில் வைத்தான்.

"நூத்தி இருவத்தி நாலு. யோவ், குளிர்காலம் பூரா நாப்பத்தேழு நாப்பத்தேழுன்னு உயிரை எடுத்தியே?"

"மனசு மாறிட்டேன்."

"சரி, சுடறேன் பாரு." சுட்டான். புஸ். மறுபடியும் சுட்டான். புஸ். எண்ணைப் பார்த்தான். கருவியைத் தட்டினான். இன்னும் சுட்டான்.

"ஹார்லன், மெஷின்ல கோளாறு இல்ல."

"தெரியும்."

"உனக்கு மதிப்பெண் கிடையாது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தே?"

தொப்பியை இறக்கிக்கொண்டேன். அவன் சும்மா விட்டானா? "எல்லாரும் கேட்டுக்குங்க! ட்வைலா வீட்டுக்காரருக்கு வேகம் பத்தலையாம்!" என்று மைதானத்துக்கே தண்டோரா போட்டான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மிச்சச் சுற்றுகளையும் சுட்டு முடித்தேன், தலை நிமிராமல். அன்றைக்கென்று பார்த்து என் வாழ்க்கையிலேயே இல்லாத அளவுக்கு நன்றாகச் சுட்டேன். ஒன்று கூட ஏட்டில் ஏறவில்லை.

முதலிடம் ட்வைலா. கை தட்டினேன். உள்ளே வெட்கம் பிடுங்கித் தின்றாலும், ஓரத்தில் ஒரு தியாகி நெஞ்சை நிமிர்த்தி நின்றான். திரும்பி வரும்போது வண்டியை அவள்தான் ஓட்டினாள். தியாகியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"ட்வைலா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"மூடிய மாத்தினதா?"

சட்டென்று அவள் பக்கம் திரும்பினேன்.

"இல்ல, அதுக்கு முன்னாடி மருந்தக் குறைச்சதா?"

"உனக்கு... எப்படி?"

"இத்தனை வருஷத்துல என் பேருக்குப் பக்கத்துல நீ எப்பவாவது படம் போட்டிருக்கியா? எடைமேடைல எவன் பல்ல இளிச்சு வணக்கம் சொல்றானோ அவன் லாரியத்தான் நான் ரெண்டாவது தடவ நிறுப்பேன். ஒரு தோட்டாவப் பிரிச்சேன், மருந்த உன் தராசுல வெச்சேன். தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சுமா காலைல அவ்வளவும் சுட்டுப் போட்டே?"

"ஆமா."

வெட்கம் வேட்டி கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. ஆனாலும் தியாகியை விட்டுக்கொடுக்க மனசில்லை. "தப்புதான். நான் செஞ்சது ஈனத்தனம், ஒத்துக்கறேன். ஆனா கடைசில மாத்திட்டேன்ல? என் நல்ல தோட்டாவ உனக்குக் குடுத்து, நான் ஊர் முன்னாடி அசிங்கப்பட்டேன்ல?"

"அத யாரு சுட்டா?"

"நீதான்!"

"அந்தப் பெட்டிய நான் இன்னிக்குத் தொறக்கவே இல்லப்பா. வெள்ளிக்கிழமையே கடைல ஒரு டப்பா தோட்டா வாங்கிட்டேன். சுட்டது அதத்தான்."

வெளியே சோளக்காடு போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கணக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. கையைச் சும்மா வைத்திருந்தால் என் நல்ல தோட்டா என்னிடமே இருந்திருக்கும். இன்றைக்குச் சுட்ட சூட்டுக்கு நான் அவளை நியாயமாகவே ஜெயித்திருப்பேன்.

"அப்புறம் எதுக்கு அந்தக் கோலாச்சே?" அழுகை வந்துவிட்டது எனக்கு.

"உன் மனசாட்சிய ஒரு தடவ எடை போட்டுப் பாக்கலாம்னு. அடுப்படியிலேயே வாயத் தொறந்து சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சிரிச்சுட்டு, நல்ல தோட்டாவோட நேருக்கு நேர் நின்னிருக்கலாம். நீ என்னடான்னா அஞ்சையும் தின்னுட்டு, வண்டிக்குப் பின்னால போய்க் குனிஞ்சே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"எடை எவ்வளவு இருந்துது?"

"எடையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஹார்லன். வேகந்தான் பத்தல."