துளசிங்கம் எழுதிக்கொடுத்த தங்கல் பத்திரம்

துளசிங்கம் அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இந்த வருஷம் மாமியாரை மூன்றே நாளில் மணவூருக்கு ரயிலேற்றாவிட்டால் அவர் பேர் துளசிங்கம் இல்லை!

ஆடிக்கிருத்திகைக்கு மலையேறி முருகனைக் கும்பிட வருகிற கெங்கம்மாள், காவடிக்கூட்டமெல்லாம் கலைந்த பிறகும் கார்த்திகை வரை கலையமாட்டாள். இதைப் பற்றி அவர் வாயைத் திறந்தால் மனைவி ரஞ்சிதத்துக்கு மூக்கு சிவந்துவிடும். சரி, வாயால் முடியாததைப் பேனாவால் முடிப்போம் என்று கிளம்பினார் மனிதர். சும்மாவா? ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் இருபது வருஷமாகப் பத்திரம் எழுதுகிற கை!

நிஜ முத்திரைத்தாளே வாங்கினார். 'தாரண வருஷம் ஆடி மாதம்' என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் எழுதினார். பக்கத்து வீட்டு வீரபத்திரனிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். மாமியார் வந்து மூட்டையை இறக்கியதும் இறக்காததுமாகப் பத்திரத்தைப் பெண்டாட்டியிடம் நீட்டினார்.

"படிச்சுப் பாருடி! 'மேற்படி வீட்டில் தாங்கள் மூன்று நாள் மட்டும் தங்கலாம்.' அந்த 'மட்டும்' இருக்குதே, அதைத் தாண்டி ஒரு நாள் கூட உள்ள நுழைய முடியாது! 'தங்கலாம்'னா நம்மளாப் பார்த்துக் குடுக்கிற அனுமதி. 'வேண்டியது'ன்னு போட்டாதான் கட்டாயம்!"

"ஆங், நல்லாத்தான் எழுதிகினு வந்திருக்கீங்க." ரஞ்சிதம் நிதானமாகப் படித்தாள். "கீழ இன்னாமோ இருக்குதே?"

"கீழயா?"

"'மேற்படி வீட்டை இன்றே தங்கள் சுவாதீனத்தில் விட்டுவிட்டபடியால், தாங்களே புத்திர பௌத்திர பாரம்பரியமாய்ச் சர்வ சுதந்திரத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.'"

துளசிங்கம் தாளை எட்டிப் பார்த்தார். ஐயையோ! கிரயப் பத்திரத்தின் கடைசி வரி! எந்தத் தாளில் கை வைத்தாலும் அந்த வரியில் போய்த்தானே பேனா நிற்கும்! மனசு மாமியாரைத் துரத்திக்கொண்டிருக்க, கை பாட்டுக்கு வீட்டை விற்றுவிட்டது.

"அது கைப்பழக்கம்டி! என் மனசுல அப்படி இல்ல!"

"உங்ககிட்ட பத்திரம் எழுதிகினு போன கண்டிகை பெருமாள் போன மாசம் இதையேதான் சொல்லி அழுதாரு. மனசுல நெனச்சது செல்லாது, தாள்ல இருக்கிறதுதான் செல்லும்னு அவரை அனுப்பிச்சது யாருங்க?"

"மேலே மூணு நாள்னு இருக்குதேடி!"

"இருக்கட்டுமே. மூணு நாள் தங்கலாம். நாலாம் நாள்லேர்ந்து ஆண்டு அனுபவிக்கணும். அதுவும் 'வேண்டியது'ன்னு போட்டுட்டீங்க. கட்டாயமாச்சே!"

"இன்னும் ரிஜிஸ்தர் ஆவலடி! அதுவரைக்கும் இது வெறும் தாளு!"

"அப்போ உங்க 'மட்டும்' கூட வெறும் தாளுதானே?"

இரண்டு பக்கமும் அடைத்துவிட்டாளே படுபாவி!

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கெங்கம்மாள் மூட்டையைக் கூடத்து நடுவுக்கு நகர்த்தினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. மருமகனுக்கு மணையை இழுத்துப் போட்டாள்.

"நிக்கிறீங்களே, உக்காருங்க மாப்ள. எத்தினி நாள் இருக்கறதா உத்தேசம்?"