தண்ணீர் பாட்டில் தள்ளாடிய கதை

கிட்ட வந்து உட்காருங்க. உரக்கச் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரி அடுப்படியில் இருக்கிறாள். அவள் காது இரண்டு கதவைத் தாண்டி வரும்.

எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இனிமேல் சோடா, கலர் எதையும் தொடக் கூடாது. ஒரு தடவை பிடிபட்டாலும், தினமும் விடியற்காலையில் அவள் அண்ணனோடு நடக்கப் போக வேண்டும். அவருக்கு நான் வைத்திருக்கிற பெயர் ரேடியோ மச்சான். அணைக்கிற பொத்தான் இல்லாத ரேடியோ. அவரோடு நடந்தால் கால் வலிக்கும் முன்னால் காது வலிக்கும்.

நான் அசருகிற ஆளா? கூல்டிரிங்க்ஸ் கிடங்கில் பாட்டில் அடுக்கியே தலை நரைத்தவன். வெள்ளையாக ஒரு இனிப்பு சோடா உண்டு. பார்வைக்குத் தண்ணீரேதான். அதை ஒரு தண்ணீர் பாட்டிலில் மாற்றி, மூடியை இறுக்கி, என் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் ராஜா மாதிரி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்தால் அம்மணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் முன்னால், பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்த காலி கலர் பாட்டில். கிடங்கில் இருப்பவருக்குத் தெரியாததா என்று ஆரம்பித்தாள். எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

"ஏங்க, இதுக்கு மட்டும் அடியில ஏன் அஞ்சு கால்?"

"உள்ள கேஸ் இருக்குல்ல, எல்லாப் பக்கமும் முட்டும். அடி தட்டையா இருந்தா வெளிய உப்பிடும், பாட்டில் நிக்காது. அதான் அஞ்சு மேடு. அது முட்டலையும் தாங்கும், பாட்டிலையும் நிறுத்தும்."

உடம்பு ஏன் உருண்டை என்று கேட்டாள். மூலை வைத்தால் கேஸ் அதையும் தள்ளி உருண்டையாக்கத்தான் பார்க்கும் என்றேன். பேராசிரியரே என்னிடம் தோற்றுப்போவார்.

"அப்ப தண்ணி பாட்டில்?"

"தண்ணி சாது. யாரையும் முட்டாது. அதுக்கு எதுக்குக் கால்? பிளாஸ்டிக் மெல்லிசு, கையில நசுங்கக் கூடாதுன்னு உடம்பைச் சுத்தி வளையம் போட்டிருக்கான். அவ்வளவுதான்."

"அடி உப்பவே உப்பாதா?"

"என் சர்வீஸ்ல பார்த்ததில்ல."

எழுந்து போனாள். என் ஜன்னல் பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பகலெல்லாம் வெயில் குடித்ததில் அடி பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. பாட்டில் ஒரு ஆட்டம் ஆடியது, அரைச் சுற்றுச் சுற்றியது, என் பக்கமாகப் படுத்துவிட்டது.

மேசை கோணல் என்றேன். அவள் அதே இடத்தில் காலி கலர் பாட்டிலை வைத்தாள். ஐந்து காலும் ஊன்றி அது அசையாமல் நின்றது.

மூடியைத் திருகினாள். உஸ்ஸென்றது.

"பாவம், உங்க சாது பெருமூச்சு விடுது" என்றாள்.

பிறகு ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் முழுவதையும் குடித்தாள். நிதானமாக ஒரு ஏப்பம் விட்டாள். அண்ணனுக்கு போன் போட்டாள்.