குறுக்குக் காற்றும் விமர்சனச் சிந்தனையும்

மொராவா ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பள்ளிக்குத் தலைநகரிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒருங்கிணைந்த அறிவியல் வழியாக மாணவர்களின் விமர்சனச் சிந்தனை, அதாவது எதையும் கேள்வி கேட்டு ஆராயும் பழக்கம், வளர்க்கப்படல் வேண்டும்; அவ்வாறு வளர்ந்திருப்பதை ஜூன் மாதத்தில் ஆய்வாளர் நேரில் பார்வையிடுவார். ஜூனுக்குள் அது எப்படி வளரும் என்று ஆசிரியர்கள் யாரும் கேட்கவில்லை. கேள்வி கேட்கும்படி மாணவர்களுக்குத்தானே உத்தரவு.

அறிவியல் ஆசிரியை ஸ்லாவிட்சா வருஷா வருஷம் தற்காலிக வேலையிலேயே காலம் தள்ளுகிறவள். ஆய்வாளர் மெச்சினால் வேலை நிரந்தரம் என்று தலைமையாசிரியர் ராதோசாவ் வாக்குக் கொடுத்திருந்தார். அவள் 'காற்று' என்ற பாடத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சந்தேகத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தாள். அது அப்போதுதான் தோன்றியது போல முகத்தை வைத்துக்கொள்ளவும் பழக்கினாள். பிள்ளைகள் சந்தேகங்களை நன்றாக மனப்பாடம் செய்தார்கள்.

ஆய்வாளர் திராகோல்யூப் வந்த அன்று வெயில் கொளுத்தியது. ஜன்னல்களும் கதவும் வழக்கம்போல் இறுகச் சாத்தியிருந்தன. சந்தேகங்கள் ஒத்திகைப்படி வரிசையாக எழுந்தன. ஆய்வாளர் வியர்வையைத் துடைத்தபடி தலையாட்டினார். நெவெனாவின் முறை வந்தது. அவளுக்குக் கொடுத்திருந்தது ஆக்சிஜன் பற்றிய சந்தேகம். புழுக்கத்தில் அது மறந்துபோய், சொந்தச் சந்தேகம் வெளியே வந்துவிட்டது.

"டீச்சர், ரெண்டு பக்கமும் திறந்து வச்சா குறுக்குக் காத்து அடிச்சுக் கழுத்து பிடிச்சுக்கும், காது போயிடும்னு எல்லாரும் சொல்றாங்களே. யாராவது திறந்து பார்த்திருக்காங்களா?"

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். தன் வேலை போயிற்று என்றே ஸ்லாவிட்சா நினைத்தாள். ஆனால் ஆய்வாளரின் முகம் மலர்ந்தது.

"இதாம்மா விமர்சனச் சிந்தனை. சோதிச்சுப் பார்த்துடுவோம். எல்லாத்தையும் திறங்க."

திறந்தார்கள். ஆற்றுக் காற்று ஜிலுஜிலுவென்று வகுப்பைக் கடந்து போயிற்று. முன்பு இயற்பியல் நடத்திய தலைமையாசிரியர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார். ஆய்வாளர் கைக்குட்டையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"சாத்துங்க, சாத்துங்க. சோதனை முடிஞ்சுது."

"என்ன சார் தெரிஞ்சுது?" என்றாள் நெவெனா.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை, பார்த்தியா? நேரத்துல சாத்தினதால தப்பிச்சோம்."

விமர்சனச் சிந்தனை முழு அளவில் காணப்பட்டதாகவும், அது நிகழும் வேளையில் ஜன்னல்களை மூடி வைத்தல் நலம் என்றும் ஆய்வாளர் எழுதிக் கொடுத்தார். ஸ்லாவிட்சாவின் வேலை நிரந்தரமாயிற்று. எல்லோரும் ஆய்வாளருக்காக ஏற்பாடாகியிருந்த ஆட்டுக்கறி விருந்துக்குக் கிளம்பினார்கள்.

ஸ்லாவிட்சா மட்டும் வகுப்பில் நின்றாள். சந்தோஷம் தாங்கவில்லை, கூடவே வெட்கமும் பிடுங்கியது. இந்த வருஷம் முழுக்க இந்த அறையில் ஒரே ஒரு நிஜமான கேள்விதான் எழுந்திருந்தது, அதையும் எல்லோருமாகச் சேர்ந்து மூடிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. விறுவிறுவென்று போய் ஜன்னலை அகலத் திறந்தாள். கழுத்தை நீட்டிக் காற்றுக்குக் காட்டினாள். இனி யாருக்கும் பயப்படுவதில்லை என்று தீர்மானித்தாள்.

பையை எடுக்கத் திரும்பி வந்த நெவெனா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், சோதனையா? நானும் வரட்டுமா?"

"வாம்மா, தாராளமா வா," என்றாள் ஸ்லாவிட்சா, கழுத்தைச் சட்டென்று கையால் மூடிக்கொண்டு. "முதல்ல அந்தக் கதவைச் சாத்து."