மணிக்குப் பதவி உயர்வு

பக்கத்துத் துறை சொந்தமாக ஒரு கணினி இயங்குதளம் வைத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டதிலிருந்து இயக்குநருக்குத் தூக்கம் வரவில்லை. "நமக்கும் ஒண்ணு வேணும்" என்றார். பெயர் வைக்க ஒரு குழு, சின்னம் வரைய ஒரு குழு, துவக்க விழாவுக்கு ஒரு குழு அமைந்தன. மூன்றும் சீரும் சிறப்புமாக வேலையை முடித்த பிறகுதான், இயங்குதளம் என்ற ஒன்றும் இருந்தாக வேண்டும் என்பது யாருக்கோ உறைத்தது.

அதற்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆளுகிற பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். அதை எங்கிருந்தோ கொண்டுவந்துவிட்டார்கள். கட்டடத்து மின்விசிறி, விளக்கு, லிஃப்ட், லிஃப்ட்டுக்குள் இருக்கிற அபாய மணி எல்லாவற்றையும் அதோடு பேசவைக்கிற டிரைவர் நிரல்களை எழுத ஒரு பெண்ணைத் தற்காலிகமாக நியமித்தார்கள். உத்தரவில் 'டிரைவர்' என்று இருந்ததால் முதல் நாளே கண் பரிசோதனை செய்து, வண்டி ஓட்டுகிறவர்களுக்கான சீருடையையும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவள் டிரைவரம்மா.

துணை இயக்குநரிடம் அவள் பொறுமையாக விளக்கினாள். "மணி அடிச்சா, கெர்னல் கையில இருக்கிற வேலையை விட்டுட்டு அதைக் கவனிக்கும் சார். இன்டரப்ட்னு பேரு. குறுக்கிடுறது."

அவர் முகம் கறுத்தது. "பெரியவங்க வேலையா இருக்கும்போது குறுக்கிடுறதா?"

"அது மெஷின் சார்."

"மெஷின்னா மரியாதை வேண்டாமா? கெர்னல் கூப்பிட்டுக் கேட்கட்டும். கேட்டா பதில் சொல்லட்டும். அதுவும் பதவி வரிசைப்படி."

"தீப்பிடிச்சா?"

"தீயும் முறைப்படிதான் வரணும்."

சாயங்காலமே சுற்றறிக்கை வந்துவிட்டது: 'எந்தச் சாதனமும் தன் முறை வருமுன் வாய் திறத்தலாகாது. மூத்த சாதனம் பதிலளிக்காதவரை இளைய சாதனத்தை அணுகுதல் கூடாது.' வரிசையில் முதலிடம் இயக்குநர் அறை மின்விசிறிக்கு. லிஃப்ட்டும் அதன் மணியும் ஒப்பந்தத்தில் வந்தவை என்பதால் கடைசி. பேய்க்கு வாக்கப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும்? டிரைவரம்மா அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

துவக்க விழாவன்று அவள் சாப்பாட்டு டப்பாவை வீட்டில் மறந்துவிட்டாள். அதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்காரர் வந்தார். இயக்குநரோடு சேர்ந்து லிஃப்ட்டில் ஏறினார். லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்று, கதவைத் திறக்கலாமா என்று கெர்னலுக்குச் செய்தி அனுப்பியது. கெர்னலோ இயக்குநர் அறை மின்விசிறியிடம், தாங்கள் ஏதேனும் சொல்ல வேண்டியதுண்டா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தது. அந்த மின்விசிறி காலையிலேயே புகைந்து, பழுது பார்க்கப் போயிருந்தது.

குளியலறைக் கதவைச் சாத்தினாலே மூச்சு முட்டுகிற மனிதர் அவள் புருஷன். அவள் துணை இயக்குநரிடம் ஓடினாள்.

"சார், ஒரே ஒரு வரியை மாத்தினாப் போதும்!"

"சுற்றறிக்கையை மாத்த இயக்குநர் கையெழுத்து வேணும். அதுக்கு குழு கூடணும்." துணை இயக்குநர் மோவாயைத் தடவினார். "ஆனா மணிக்குப் பதவி உயர்வு கொடுக்கலாம். அதுக்கு அவர் கையெழுத்து மட்டும் போதும். மின்விசிறிக்கு மேல தூக்கி வெச்சுட்டா, கெர்னல் முதல்ல மணியைத்தானே கேட்கும்?"

அவசர அவசரமாக ஃபைல் தயாராகி, லிஃப்ட் கதவிடுக்கு வழியாக உள்ளே போனது. உள்ளேயிருந்து இயக்குநரின் குரல் வந்தது.

"மணி எத்தனை வருஷமா சர்வீஸ்ல இருக்கு?"

"புதுசு சார்."

"நன்னடத்தை?"

"இதுவரைக்கும் வாயே திறந்ததில்லை சார்."

"அருமை!"

"ஏம்மா..." என்று வீட்டுக்காரர் குரல் ஈனஸ்வரத்தில் கேட்டது. "சீக்கிரம்மா. இவரு உன் சாப்பாட்டையும் முடிச்சுட்டாரு."

இயக்குநர் அவர் முதுகிலேயே ஃபைலை வைத்துக் கையெழுத்துப் போட்டார். டிரைவரம்மா புது வரிசையை ஏற்றினாள். கெர்னல் மணியை விசாரித்தது. அதுவரை அமுக்கப்பட்டே கிடந்த மணி அலறியது. அபாயம் என்று புரிந்ததும் கெர்னல் கதவைத் திறந்துவிட்டது. வேர்த்துக் கொட்ட வெளியே வந்த புருஷன் அவள் கையைப் பிடித்தவர், தெருவுக்குப் போகும்வரை விடவில்லை.

மறுநாள் அலுவலகம் முழுக்க இதே பேச்சு.

"என் ஃபைல் வருஷக்கணக்கா தூங்குது. நேத்து வந்த மணிக்கு ஒரே மத்தியானத்துல உயர்வு!" என்று பொருமினார் தலைமை எழுத்தர். "ஐயாவோட உள்ள மாட்டிக்கிட்டாத்தான் காரியம் நடக்கும்போல. டிரைவரம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும், அந்த லிஃப்ட்டைச் சரி பண்ணிடாதே."

சரி செய்யத்தான் அவள் வந்திருந்தாள். விசிறி பதில் சொல்லாவிட்டால் காத்துக்கிடக்காமல் கெர்னல் அடுத்ததற்குப் போக ஒரு வரி போதும். ஆனால், வேலையை நிரந்தரமாக்கக் கோரும் அவளுடைய மனுவும் பையில் கிடந்தது. சற்று யோசித்தாள். கணினியை மூடிவிட்டு, மனுவோடு போய் லிஃப்ட்டில் ஒண்டிக்கொண்டாள்.

ஆளுக்கொரு மனுவோடு அலுவலகமே உள்ளே நெருக்கியடித்து நின்று இயக்குநருக்காகக் காத்திருந்தது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. திறக்கவில்லை.

"யாரும் மணியைத் தொடாதீங்க!" என்றார் தலைமை எழுத்தர். "ஐயா எப்படியும் வருவாரு."

முந்தின நாள் பட்ட பயத்தில் ஐயா படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறிப் போய்விட்டார். மேலே கூடத்தில் ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை.

"எல்லாரும் எங்கய்யா?"

"லிஃப்ட்டுக்குள்ள சார்" என்றார் துணை இயக்குநர். "காலையிலேர்ந்து."

"ஐயையோ! வேலையெல்லாம் நின்னுபோச்சா?"

துணை இயக்குநர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மேசைகளில் ஃபைல்கள் இருந்த இடத்தில் இருந்தன. கவுன்ட்டர் ஜன்னலுக்கு வெளியே பொதுமக்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். யாருக்கும் எந்தச் சந்தேகமும் வந்ததாகத் தெரியவில்லை.

"இல்லை சார்" என்றார். "எப்பவும்போலத்தான் நடக்குது."